பெருமாள் ஆலயமும் கிள்ளானின் பழஞ்சின்னங்களும்

புரட்டாசி பிறந்துவிட்டால் அரச நகரமாம் கிள்ளானை நோக்கிப் பக்தர்கள் திரள்வர். சனிக்கிழமைதோறும் 'கோவிந்தா' முழக்கம் எழும் அருள்மிகு சுந்தரராஜப் பெருமாள் ஆலயம் 1892இல் தோன்றியது. நகரின் மற்ற பழஞ்சின்னங்களோடு சேர்த்து நோக்கினால் அதன் அருமை மேலும் விளங்கும்.

ராஜா அப்துல்லா கிடங்கு, ஈயத்தைச் சேமிக்க 1857இல் எழுந்தது. 1867இல் மூண்ட சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் கிள்ளானைக் கைப்பற்றிய ராஜா மஹாடியின் பெயரை ஒரு கோட்டை இன்றும் தாங்கி நிற்கிறது. கோலாலம்பூரிலிருந்து 1886இல் புக்கிட் கூடா வரை வந்த இருப்புப்பாதை, 1890இல் ஆற்றைக் கடந்து நகரை அடைந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் பெருமாள் இங்கே கோயில் கொண்டார்.

பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பால்மரம் சீவிய நம்மவர், துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கியாக வேண்டிய இழிநிலையில் வாழ்ந்தனர். அவ்வழக்கம் ஒழியவும் சம்பளம் உயரவும் 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். துப்பாக்கிச்சூட்டில் ஐவர் உயிர் நீத்தனர்.

கிடங்கும் கோட்டையும் ஆண்டவர் பெயரைச் சொல்லும். வியர்வை சிந்திய நம் முன்னோர் ஊன்றிய அடையாளம் ஆலயமே. தரிசனம் முடித்துத் திரும்பும் பெற்றோர், இச்சின்னங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டி, அவற்றின் வரலாற்றை எடுத்துரைப்பார்களாக! அதுவும் ஒரு திருப்பணியே.