தேசிகரின் முதல் பாட்டு எது?

எம்.எம். தண்டபாணி தேசிகரின் ரசிகர்களிடம் பட்டியல் கேட்டால், 1942-இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' பாடல்களே முன்னால் வரும். சிதம்பர தரிசனத்துக்காக ஏங்கியவரின் கதை. பாடியவரோ பின்னாளில் அதே ஊரின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். கடலூர் மாவட்டத்துக்காரர்கள் அவரை விட்டுக்கொடுக்காததில் வியப்பில்லை. ஆனால் ஊர்ப்பாசம் வேறு, இசை வேறு. அந்தப் பாடல்கள் நிற்பதற்குக் காரணம் தேவாரப் பயிற்சி. ஓதுவார் மரபில் சொல்தான் முதலாளி, ராகம் அதற்கு வேலைக்காரன். பாபநாசம் சிவனின் 'பிறவா வரம் தாரும்' பாட்டில் லதாங்கியின் கூர்மையான பிரதி மத்தியமம்கூடச் சொல்லை மறைப்பதில்லை.

நந்தனாராக 1935-இலேயே நடித்துப் பாடிய கே.பி. சுந்தராம்பாளின் கணீர்க் குரல் எங்கே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவர் குரல் அரங்கத்தின் கடைசி வரிசையைத் தேடிப் போகும். தேசிகர் குரல் தனக்குள் பேசிக்கொள்ளும். கோயில் வாசலில் தயங்கி நிற்பவனுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். பழைய ஒலிப்பதிவின் கரகரப்பும் ஒரு குறைதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஓர் எழுத்துகூடச் சிதையாமல் காதில் விழுகிறதே!

இருந்தும் என் பட்டியலில் முதலிடம் படப்பாட்டுக்கு இல்லை. பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்' கவிதைக்கு தேஷ் ராகத்தில் மெட்டுக் கட்டியவர் தேசிகர்தான். 1951-இல் 'ஓர் இரவு' படத்தில் வேறு குரல்களில் ஒலித்து ஊரெல்லாம் பரவியதால், அவர் பெயர் பலருக்குத் தெரியாமலே போயிற்று. பட்டியல் போடுகிறவர்கள் அதை முதலில் எழுதட்டும்.