பட்டாசு ஆலை ஆய்வுகள் எதைக் காண்பதில்லை?

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் ஆமத்தூர் வட்டாரத்தைக் கடக்கும்போது, கரிசல் காட்டுக்குள் சிறு சிறு அறைகள் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்பதைக் காணலாம். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குத் தீ தாவக் கூடாது என்பதற்காக விடப்பட்ட இடைவெளி அது. ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் இந்த அறைகளை நோக்கி அரசு வாகனங்கள் விரைகின்றன. சிறப்பு ஆய்வுக் குழுக்கள் அமைக்கப்பட்டதாக அறிவிப்பு வெளியாகிறது. சில வாரங்களில் பரபரப்பு அடங்குகிறது. பிறகு மற்றொரு விபத்து. இத்தனை ஆய்வுகளுக்குப் பிறகும் உயிர்ப்பலி தொடர்வது ஏன் என்று கேட்டால், அதிகாரிகளின் எண்ணிக்கை போதவில்லை என்பதே வழக்கமான விடையாக இருக்கிறது. அது பாதி உண்மைதான்.

வேறு வகையான ஓர் ஆய்வுடன் ஒப்பிட்டால் மறுபாதி விளங்கும். கொடைக்கானலில் முழுமைத் திட்ட விதிகளை மீறிக் கட்டப்பட்ட விடுதிகள் உள்ளிட்ட வணிகக் கட்டடங்கள், உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் 2019-ஆம் ஆண்டு பூட்டி முத்திரையிடப்பட்டன. மலைச்சாலையேறி எந்த நாளில் ஆய்வுக்குச் சென்றாலும், அனுமதியின்றி எழுப்பிய மாடி அங்கேதான் நிற்கும். அதை ஒளித்துவைக்க முடியாது. பட்டாசு ஆலையில் நிலைமை நேர்மாறானது. கட்டடம் பெரும்பாலும் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கும். மீறல் இருப்பது வேலை நடக்கும் முறையில். திறந்த கரிசல் வெளியில் வாகனத்தின் புழுதி வெகுதொலைவிலேயே தெரிந்துவிடும். கைப்பேசி வந்த பிறகு புழுதிக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆய்வுக்குச் செல்பவர்கள் பார்ப்பது எவற்றை? அறைகளுக்கு இடையிலான தூரம், வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகள், இடிதாங்கி, தரையில் ரப்பர் விரிப்பு, உடலில் தேங்கும் நிலைமின்சாரத்தை வெளியேற்ற வாசலில் செப்புத் தகடு, தீயணைக்க மணலும் நீரும், தொழிலாளர்களின் பருத்தி உடை ஆகியவற்றை. இவை அனைத்தும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால், விபத்துகளின் காரணங்களாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுபவை வேறு. நான்கு பேர் மட்டுமே இருக்க வேண்டிய அறையில் அதற்கு மேற்பட்டோர் அமர்வது. அறை போதாமல் மரத்தடியில் வேலை செய்வது. கலந்த மருந்தை அன்றே தீர்க்காமல் மறுநாளுக்கு வைப்பது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அது தானாகவே சூடேறத் தொடங்கும். மருந்து நீர்த்துப்போனது என்று தொழிலாளர்கள் சொல்வது இதைத்தான். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில், செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி கிடைக்கும்போது, வேகம் கூடுவது இயல்பு. அந்த வேகத்தை எந்த ஆய்வுப் படிவத்திலும் குறிக்க முடியாது.

இதைவிடக் கடினமானது உள்குத்தகை. வெடிபொருள் விதிகள் 2008-இன்படி, ஒரு நேரத்தில் 15 கிலோ வரை கையாளும் பட்டாசு ஆலைக்கு மாவட்ட நிர்வாகமே உரிமம் வழங்கலாம். அதற்கு மேற்பட்ட ஆலைகள் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். டி.ஆர்.ஓ. உரிமம், சென்னை உரிமம், நாக்பூர் உரிமம் என்று இவை வழக்கில் அறியப்படுகின்றன. உரிமம் பெற்றவரே ஆலையை நடத்த வேண்டும் என்பது விதி. நடைமுறையிலோ ஒரே ஆலையின் அறைகள் பலருக்குக் குத்தகைக்கு விடப்படுகின்றன. 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த ஆலையிலும் இத்தகைய உள்குத்தகை வெளிப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அந்த விபத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பல குத்தகைதாரர்கள் இயங்கும் இடத்தில், பக்கத்து அறையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதை அறிந்த ஒருவர்கூட இருப்பதில்லை.

மீறல் கண்டறியப்பட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேரிட்ட விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அவர்களில் அடங்குவர். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகளே அப்போது தெரிவித்தனர். ஆய்வு நடந்தது, ஆணையும் பிறந்தது, ஆலையும் ஓடியது.

வருவாய்த் துறை, தீயணைப்புத் துறை, காவல் துறை, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம், மத்திய அமைப்பு எனப் பலரும் தனித்தனியே வருவதாக ஆலை உரிமையாளர்கள் குறைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆய்வுக்கு அஞ்சி ஆலைகள் மூடப்படும் நாள்களில் முதலில் கூலியை இழப்பவர் தொழிலாளர். (விபத்து நேர்ந்தால் முதலில் கைதாகிறவர் பெரும்பாலும் போர்மேன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.) எனவே, இன்னும் பல வாகனங்களை அனுப்புவது தீர்வாகாது.

வாகனமே தேவைப்படாத ஓர் ஆய்வு இருக்கிறது. அது கணக்குகளின் ஆய்வு. ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மேல் வைத்திருக்க உரிமை இல்லாத ஆலை, ஆண்டு முழுவதும் இயங்கினாலும் இவ்வளவுதான் உற்பத்தி செய்ய முடியும் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. அங்கிருந்து வெளியேறும் சரக்கு ஜிஎஸ்டி ரசீதுகளிலும் இ-வே பில்களிலும் பதிவாகிறது. வாங்கும் அலுமினியப் பொடியும் வெடியுப்பும் விற்பவரின் ரசீதில் இருக்கின்றன. 2018-இல் உச்சநீதிமன்றம் தடைசெய்த பேரியம் உப்பை எவரேனும் வாங்கினால் அதற்கும் தடயம் தேடலாம். இந்த மூன்றையும் உரிம அளவோடு பொருத்திப் பார்த்தால், கொள்ளளவை மிஞ்சி இயங்கும் ஆலைகளின் பட்டியல் ஆட்சியர் அலுவலக மேசையிலேயே கிடைத்துவிடும். கணக்கில் வராமல் ரொக்கத்தில் கைமாறும் சரக்கு இதில் அகப்படாது என்பது மெய்தான். ஆனால், கணக்கில் வருவதைக்கூட இன்னும் ஒப்பிடவில்லையே!

கூடவே, நிறுத்திவைக்கப்பட்ட உரிமங்களின் பட்டியலை மாவட்ட இணையதளத்திலும் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் அன்றன்றே வெளியிட வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் ஏற்ற ஊருக்குள் வேன் வரும்போது, அது எந்த ஆலைக்குப் போகிறது என்பது ஏறுபவர்களுக்குத் தெரியும். அந்த ஆலைக்கு அன்று உரிமம் இருக்கிறதா என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.