பாக்டீரியாவின் சர்க்கரைக் கவசம்: மருந்துக்கு அடங்காத கிருமிகளை வீழ்த்த உதவுமா?

புதுடெல்லி: மருத்துவமனைகளில் மற்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் பலனளிக்காதபோது இறுதியாகக் கையில் எடுக்கப்படுபவை கார்பபெனெம் வகை மருந்துகள். அவற்றுக்கும் கட்டுப்படாத கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியாவை, உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட ஆபத்தான கிருமிகளின் பட்டியலில் முதலிடத்தில் வைத்தது. இந்தியாவில் பச்சிளம் குழந்தைகளின் ரத்தத்தில் ஏற்படும் தொற்றுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். இதைக் கொல்லும் மருந்துகள் குறைந்து வரும் நிலையில், இதைக் காத்து நிற்கும் சர்க்கரைக் கவசத்தை அகற்றும் வழிகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர்.

கவசம் செயல்படுவது எப்படி?

பல பாக்டீரியாக்கள், சர்க்கரை மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்து, வழவழப்பான உறையைத் தங்களைச் சுற்றி உருவாக்குகின்றன. ரத்தத்தில் உள்ள சில புரதங்கள் கிருமியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, அதை விழுங்குமாறு வெள்ளை அணுக்களுக்கு அடையாளம் காட்டும். உறை தடிமனாக இருந்தால் அந்த அடையாளம் மறைந்துவிடும்.

கிளெப்சியெல்லாவின் சில தீவிர வகைகளில் இந்தப் பிசுபிசுப்பைக் கண்ணாலேயே காணலாம். ஆய்வகத் தட்டில் வளர்ந்த கிருமித் திரளைக் கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால், அது 5 மில்லிமீட்டருக்கும் மேல் நூல்போல் நீளும்.

பழைய யோசனை

உறை உள்ள நிமோனியா கிருமிகள் எலிகளைக் கொல்வதையும், உறை இல்லாதவை கொல்லாததையும் பிரிட்டனைச் சேர்ந்த பிரெடரிக் கிரிஃபித் 1928ஆம் ஆண்டு பதிவு செய்தார். 1930ஆம் ஆண்டு நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரி, ரெனே டூபோ ஆகியோர், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடம் இருந்து அந்த உறையைக் கரைக்கும் நொதியைப் பிரித்தெடுத்தனர். நொதி செலுத்தப்பட்ட எலிகள் பிழைத்தன. நொதி கிருமியைக் கொல்லவில்லை. கவசத்தை மட்டும் கழற்றியது. மற்றதை வெள்ளை அணுக்கள் பார்த்துக்கொண்டன. ஆனால் சல்பா மருந்துகளும் பென்சிலினும் வந்ததால் இந்த முயற்சி கைவிடப்பட்டது.

இன்றைய முயற்சிகள்

பாக்டீரியாக்களைத் தாக்கும் பேஜ் வைரஸ்கள் பலவற்றின் வால் நுனியில் சர்க்கரை உறையை அறுக்கும் நொதிகள் உள்ளன. இவற்றைத் தனியாகப் பிரித்து, விலங்குகளில் சோதித்து வருகின்றனர். உறையின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகள் மற்றொரு வழி. மனித உடல் உருவாக்காத, சில பாக்டீரியாக்களில் மட்டுமே காணப்படும் சியூடாமினிக் அமிலம் போன்ற சர்க்கரைகளை ஆன்டிபாடிகளால் குறிவைப்பது மூன்றாவது வழி. குறிப்பிட்ட கிருமியை மட்டும் தாக்குவதால், குடலில் வாழும் நன்மை தரும் பாக்டீரியாக்கள் பாதிக்கப்படாது என எதிர்பார்க்கப்படுகிறது.

சர்க்கரை உறையைக் குறிவைக்கும் உத்தி, தடுப்பூசிகளில் ஏற்கெனவே வெற்றி கண்டுள்ளது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்ட நிமோகாக்கல் தடுப்பூசி இந்த அடிப்படையிலானது. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்த டைபாய்டு இணைப்புத் தடுப்பூசியும் இதே வகைதான்.

தடைகள் என்ன?

உறைகள் ஒரே மாதிரியானவை அல்ல. நிமோனியா கிருமியில் மட்டும் 100க்கும் மேற்பட்ட உறை வகைகள் உள்ளன. கிளெப்சியெல்லாவிலும் மரபணு ஆய்வுகள் 100க்கும் மேற்பட்டவற்றைக் கண்டறிந்துள்ளன. ஒரு நொதி பெரும்பாலும் ஒரே வகை உறையைத்தான் கரைக்கும். எனவே, சிகிச்சைக்கு முன் உறை வகையை அறிய வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள பச்சிளம் குழந்தைக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்பதால், விரைவான பரிசோதனை இல்லாமல் இது சாத்தியமில்லை.

கவசம் கழன்ற பிறகு கிருமியை அழிக்க வேண்டியது உடலின் எதிர்ப்பு சக்தியே. ஆகவே, வெள்ளை அணுக்கள் குறைந்த நோயாளிகளுக்கு நொதி மட்டும் போதாது. ஆன்டிபயாடிக் மருந்துடன் சேர்த்தே வழங்க நேரிடும்.

உறையைக் கரைக்கும் நொதிகள் இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை. அதுவரை, குழந்தைகளுக்கு உரிய காலத்தில் தடுப்பூசி, மருத்துவமனைகளில் கைச் சுகாதாரம், மருத்துவர் பரிந்துரையின்றி ஆன்டிபயாடிக் உட்கொள்ளாமை ஆகியவையே கைவசமுள்ள பாதுகாப்பு.