அணைய மறுக்கும் மஞ்சள் விளக்கு

2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட காலம் முழுவதும் கொழும்பு பழைய கார்களை வைத்துத்தான் சமாளித்தது. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இன்றும் 110, 121 மொடல் டொயோட்டா கொரோலாக்களைக் காணலாம். சிலவற்றில் மீற்றருக்குப் பக்கத்தில் செக் எஞ்சின் லைட் மாதக்கணக்காக எரிந்துகொண்டிருக்கும்.

கராஜில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஒக்சிசன் சென்சர் போயிட்டுது" என்பார்கள். கொட்டாஞ்சேனைக்காரர் என்றால் கிட்டவே பஞ்சிகாவத்தை. பாவித்த சென்சர் ஒன்றை வாங்கிப் பூட்டிவிடலாம். ஆனால் லைட் திரும்ப எரியும். ஸ்கேனர் தரும் குறியீடு பெரும்பாலும் ஓர் அறிகுறியைத்தான் சொல்கிறது. எந்தச் சாமான் பழுது என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

121இல் பி0171 என்ற குறியீடு வந்தால் என்ன பொருள்? நிறைப்படி 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல் என்பதுதான் கணக்கு. சாதாரண ஒக்சிசன் சென்சர், பெற்றோல் கூடினால் 0.9 வோல்ட்டை நெருங்கும். காற்று கூடினால் 0.1க்கு இறங்கும். அதைப் பார்த்துக் காரின் கணினி பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிறது. கூட்டிக்கொண்டே போயும் காற்று மிச்சமாகவே இருந்தால், பி0171 பதிவாகும். சென்சர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். கழற்றி எறியப்படுவதும் அதுதான்.

ஆகவே சாமான் வாங்குமுன், ஸ்கேனரில் ஃபியூவல் ட்ரிம் எத்தனை என்று கராஜ் பாஸிடம் கேளுங்கள். கணினி எத்தனை சதவீதம் பெற்றோலைக் கூட்டுகிறது என்பதே அது. ஐட்லிங்கில் 20ஐத் தாண்டி, எஞ்சினை 2500 சுற்றுக்கு ஏற்றியதும் நன்றாக இறங்கினால், எங்கோ காற்று கள்ளமாக உள்ளே போகிறது. இன்டேக் பக்கத்து ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். மேலே நல்லதாகத் தெரியும் குழாய், கிளிப் பிடிக்கும் இடத்தின் அடிப்பக்கத்தில் மயிரிழையாக வெடித்திருக்கும். மாறாக, சுற்று ஏற ஏற எண்ணும் ஏறினால் பெற்றோல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய காற்றோட்ட சென்சர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். கடற்கரை ஊர் என்பதால் வயர் சொக்கெட்டுகளையும் கழற்றி, பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

1990களின் டொயோட்டா பலவற்றுக்கு ஸ்கேனரே தேவையில்லை. பொனட்டுக்குள் இருக்கும் சிறு பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரு முனைகளையும் ஒரு வயரால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓன் நிலைக்குத் திருப்பினால் போதும். லைட் இரண்டு தடவை மின்னி, நிறுத்தி, ஒரு தடவை மின்னினால் குறியீடு 21: ஒக்சிசன் சென்சர் சுற்று. இங்கும் வயரைச் சோதித்த பிறகே சென்சரில் கைவைக்க வேண்டும்.

பற்றரியைக் கழற்றி லைட்டை அணைக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். பல கோளாறுகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்ட பிறகே கணினி லைட்டைப் போடும். கழற்றிப் பூட்டியபின் கிடைக்கும் ஓரிரு நாள் நிம்மதி அதனால் வருவது. லைட் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் தாமதம் கூடாது. மிஸ்ஃபயராகி எரியாத பெற்றோல் கட்டலிட்டிக் கொன்வேட்டருக்குள் போய், அதைச் சூடாக்கி உருக்கிவிடலாம். காலி வீதியில் ஓரமாக நிறுத்தி, பாஸை அங்கேயே கூப்பிடுங்கள்.