கோடையில் வாங்கிய கெப், மாரியில் கசியும் கண்ணாடி

திருகோணமலையில் ஒரு வாகனம் மழையைத் தாங்குமா என்பது ஒக்டோபர் பிறக்கும் வரை தெரியாது. பெப்ரவரி கழிந்தால் செப்டெம்பர் வரை இங்கே பெரும்பாலும் வெயில்தான். இடையில் வரும் ஓரிரு இடிமழை புழுதியை அடக்கிவிட்டுப் போய்விடும். நடு ஆண்டில் கச்சான் காற்று மண்ணையும் மரத்தையும் காய்ச்சி எடுக்கும். பிறகு காற்றுத் திரும்பி, வாடை கடலிலிருந்து மழையை அள்ளிக்கொண்டு வரும். ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கிறது.

புது டபுள் கெப்பின் பின் கண்ணாடியில் இருக்கும் குறை அப்போதுதான் வெளியே தெரியவரும். காலையில் கதவைத் திறந்தால் ஈர வாடை அடிக்கும். பின் ஆசனத்தில் வைத்த பிள்ளையின் புத்தகப் பை அடியில் நனைந்திருக்கும். கம்பளத்தை விரலால் அழுத்தினால் தண்ணீர் ஊறி வரும். வாகனம் வாங்கி ஏழெட்டு மாதம்தான் ஆகியிருக்கும். லீசிங் தவணை இன்னும் பல ஆண்டுகளுக்குப் பாக்கி இருக்கும். ஆனால், குறை சொல்ல நம் நாட்டுச் சட்டம் தந்திருக்கும் முக்கியமான கால எல்லை ஒன்று, முதல் மழைத்துளி விழுவதற்கு முன்பே கடந்து போயிருக்கும். கோடை நீண்ட இந்த மாவட்டத்தில் வாகனம் வாங்குகிற ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஐந்தாண்டுக் காத்திருப்பு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் ரூபாயின் பெறுமதி சரிந்தது, வரிகள் ஏறின. நெல் ஏற்றும் கந்தளாய் விவசாயிக்கும், நிலாவெளியில் விடுதி நடத்துபவருக்கும், கொட்பேயிலிருந்து மீன் எடுப்பவருக்கும், சீனன்குடாப் பக்கம் ஒப்பந்த வேலை செய்பவருக்கும் புது கெப் என்பது பல ஆண்டு உழைப்பை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது.

அந்த ஆண்டின் முற்பாதியில் வாகனம் எடுத்தவர்கள் முதல் உண்மையான மழையை ஆண்டின் கடைசியில்தான் பார்த்தார்கள். நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே உலுக்கியது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர், 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு, புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை ஏறியது. இந்தக் கரையில் மழை மேலிருந்து மட்டும் விழுவதில்லை. காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளி, சிறு இடுக்கிலும் புகுத்திவிடும். வேறிடத்தில் ஆண்டுக் கணக்கில் தெரியாமல் இருந்துவிடக்கூடிய குறை இங்கே ஒரே இரவில் தெரிந்துவிடும்.

தண்ணீர் நுழையும் வழிகள்

கெப்பின் கெபினும் பின் பெட்டியும் ஒரே சேஸியின் மேல் தனித்தனியாக அமர்ந்திருப்பவை. பெட்டிக்கும் கெபினுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. ஓடும்போது கெபினின் முதுகுப்புறத்தில் காற்று சுழன்று, மழையையும் சக்கரம் கிளப்பும் சேற்று நீரையும் பின் சுவரில் அடிக்கும். வயல் வரம்புப் பாதைகளில் சுமையோடு போகும்போது கெபின் சற்றே முறுகி நிமிரும். பின் கண்ணாடியின் ஒட்டு இவை எல்லாவற்றையும் தாங்கியாக வேண்டும்.

கண்ணாடி பொருத்தும் முறைகள் பொதுவாக மூன்று. பழைய வகையில் ரப்பர் பீடிங் கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும். புதிய வாகனங்கள் பெரும்பாலானவற்றில் கண்ணாடி பொலியுரேதேன் பசையால் உடலோடு நேராக ஒட்டப்பட்டிருக்கும். மூன்றாவது, நடுப்பகுதி நகர்ந்து திறக்கும் சறுக்குக் கண்ணாடி.

ஒட்டிய கண்ணாடியில் பசைக் கோடு ஓரிடத்தில் மெலிந்தாலோ, அறுந்தாலோ, ஒட்டும்போது எண்ணெயோ தூசியோ படிந்திருந்தாலோ, மயிரிழை அளவு வழி உண்டாகும். சறுக்குக் கண்ணாடியில் சிக்கல் பெரும்பாலும் கீழ்ச்சட்டத்தில் இருக்கும். அந்தக் காடியில் விழும் நீர் வெளியேறச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். கச்சான் காலத்துப் புழுதி மாதக்கணக்கில் அவற்றில் படிந்து இறுகிவிடும். முதல் மழையில் காடி நிரம்பி, நீர் உள்ளே வழியும். இங்கே கண்ணாடியில் பழுதே இல்லை. மெல்லிய நைலோன் இழையால் துளையைத் துப்புரவாக்கினால் பல வேளைகளில் அதோடு தீர்ந்துவிடும்.

கண்ணாடியைக் குற்றம் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் இன்னும் சில உண்டு. முதலாவது, கூரையின் பின் விளிம்பில் கண்ணாடிக்கு நேர் மேலே இருக்கும் பிரேக் விளக்கு. அதன் அடியிலுள்ள மெல்லிய ரப்பர் சரியாக அமராவிட்டால், நீர் கூரையின் உட்துணிக்கு மேலாக ஓடிக் கண்ணாடியின் ஓரத்தில் சொட்டும். பார்ப்பவருக்குக் கண்ணாடியே கசிவது போலத் தெரியும். அடுத்தது, கூரைத் தகடுகள் சேரும் காடியில் பூசிய சீலர் வெடித்திருப்பது. மூன்றாவது, பின் சுவரின் கீழ்ப்பகுதியில் உள்ள காற்றுப்போக்கி. கதவை அடிக்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுவது அந்த வழியால்தான். அதன் ரப்பர் மடிப்பு கோணினால் பெட்டிப் பக்கத்துத் தண்ணீர் நேராகத் தரைக் கம்பளத்துக்கு வரும்.

இடத்தைப் பிடிப்பது எப்படி

தண்ணீர் தெரியும் இடமும் அது நுழைந்த இடமும் ஒன்றாக இருப்பது அரிது. தகட்டின் மடிப்பு வழியே அது தூரம் ஓடிவிடும். ஆகவே முதலில் பின் ஆசனத்தின் முதுகையும் அதற்குப் பின்னாலுள்ள மூடிப் பலகையையும் கழற்றி, வெறும் தகடு தெரியச் செய்ய வேண்டும். ஒருவர் உள்ளே டோர்ச் லைட்டோடும் காய்ந்த டிஷ்யூ கடதாசியோடும் இருக்க, மற்றவர் வெளியே குழாயைப் பிடிக்கட்டும். நீர் மெல்ல வழிந்தால் போதும். சேர்விஸ் நிலையத்தின் அழுத்தக் குழாயை நேராகப் பிடித்தால் நல்ல ரப்பருக்குள்ளும் நீர் புகுந்து, தேடுகிறவரை ஏமாற்றிவிடும்.

கீழிருந்து மேலே போக வேண்டும் என்பது முக்கியமான விதி. முதலில் காற்றுப்போக்கி, பிறகு கண்ணாடியின் கீழ் ஓரம், பக்கங்கள், மேல் ஓரம், கடைசியாகப் பிரேக் விளக்கும் கூரைக் காடியும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எது வழி என்று தெரியாமல் போகும். சமதரையில் கசியாத வாகனம் உவர்மலைச் சரிவில் நிறுத்தினால் கசியக்கூடும். அதனால் முன்பக்கம் உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்க வைத்து இரு முறை பார்ப்பது நல்லது.

தண்ணீரே இல்லாமல் பார்க்கும் வழியும் உண்டு. கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் மூடி, வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் காற்றாடியை உச்ச வேகத்தில் விடுங்கள். உள்ளே அழுத்தம் கூடும். காற்றுப்போக்கியை உட்பக்கமிருந்து டேப்பால் மறைத்துவிட்டு, வெளியே கண்ணாடியின் ஓரத்தில் சவர்க்கார நீரைத் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழ் எழும். அந்த இடத்தை அடையாளமிட்டுக் கைபேசியில் காணொளி எடுத்து வையுங்கள். முகவர் நிறுவனத்திடம் பேசும்போது அந்தக் காணொளி உங்களுக்குச் சாட்சியாகும்.

சிலிக்கனைத் தொடாதீர்கள்

கசிவு என்றதும் நம் ஊரில் கை முதலில் போவது சிலிக்கன் குழாய்க்குத்தான். வெளி ஓரத்தில் ஒரு கோடு இழுத்தால் அன்றைக்கு நின்றது போலிருக்கும். ஆனால் உள்ளே வந்த நீருக்கு வெளியேற வழி அடைபட்டுவிடும். புளிப்பு வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கன் காயும்போது அசெற்றிக் அமிலத்தை விடும். அது தகட்டை அரிக்கும். அதைவிடப் பெரிய கேடு, சிலிக்கன் படிந்த இடத்தில் பொலியுரேதேன் பசை சரியாகப் பிடிக்காது. பின்னர் முறையாகக் கண்ணாடியை ஒட்ட வருபவருக்கு அந்தப் படிவை முழுவதும் போக்குவதே பெரும்பாடாகிவிடும். அத்தோடு, வாகனத்தில் வெளியார் கை பட்டிருக்கிறது என்று சொல்லி உத்தரவாதத்தை மறுக்கவும் நிறுவனத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

முறையான வேலை என்றால் கண்ணாடியை அறுத்து எடுத்து, பழைய பசையை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உயரத்துக்குச் சீவி, கீறல் விழுந்த பெயின்ற்றுக்குப் பிரைமர் பூசி, அறுபடாத ஒரே கோடாகப் புதுப் பசை இட்டு ஒட்டுவது. அந்தக் கீறலுக்குப் பிரைமர் பூசாமல் விட்டால் உப்புக் காற்று வீசும் ஊரில் துரு அங்கிருந்தே தொடங்கும். ஒட்டிய பின் முதல் நாள் ஒரு ஜன்னலைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். எல்லாம் மூடியிருக்கக் கதவை அடித்தால், உள்ளே எழும் அழுத்தம் காயாத பசையைத் தள்ளிவிடும்.

கம்பளத்தின் அடியில்

கசிவை நிறுத்தியதோடு வேலை முடிவதில்லை. கம்பளத்துக்கு அடியிலுள்ள தடித்த விரிப்பு நீரை உறிஞ்சி வாரக்கணக்கில் வைத்திருக்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் ஊறிக் கிடக்கும். பூஞ்சணம் பிடிக்கும், தரைத் தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். பல வாகனங்களில் ஆசனங்களுக்கு அடியில் சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றின் வயர்கள் ஓடுகின்றன. அவற்றின் இணைப்புகளில் ஈரம் ஏறினால் காரணம் தெரியாத எச்சரிக்கை விளக்குகள் எரியும். ஆகவே ஆசனங்களை எடுத்து, கம்பளத்தைத் தூக்கி, அடி விரிப்பை முழுதாகக் காய வைக்க வேண்டும். மஞ்சள் நிற இணைப்புகள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைப் பயிற்சி பெற்றவரைத் தவிர யாரும் கழற்றக் கூடாது.

சட்டம் தரும் மூன்று மாதம்

உத்தரவாதப் புத்தகம் மூன்று ஆண்டு என்று சொல்லலாம். ஆனால் நிறுவனம் கையை விரித்தால் சாதாரண மனிதன் செலவில்லாமல் போகக்கூடிய இடம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி விசாரிக்க அதற்கு அதிகாரம் தருகிறது. நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அது கட்டளையிடலாம். ஆனால் அந்த முறைப்பாடு, பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.

மார்ச்சில் வாகனம் எடுத்தவருக்கு ஜூனில் அந்தக் காலம் முடிகிறது. ஜூனில் திருகோணமலையில் மழை ஏது?

அதன் பிறகும் எல்லா வழியும் அடைபட்டுவிடாது. நிறுவனத்தின் சொந்த உத்தரவாதம் இருக்கிறது. விற்பனைக்குத் தகுந்த தரம் பொருளுக்கு இருக்க வேண்டும் என்று சொல்லும் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த வழி நீதிமன்றப் படியேற்றும். ஆகவே செய்ய வேண்டியதை மழைக்கு முன்பே செய்துவிடுங்கள். வாகனத்தைப் பொறுப்பேற்கும் அன்றே, கையெழுத்துப் போடும் முன், பின் கண்ணாடியிலும் கூரையிலும் பத்து நிமிடம் தண்ணீர் ஓடவிடச் சொல்லுங்கள். அன்று முடியாவிட்டால் அந்த வாரத்துக்குள் வீட்டில் செய்யுங்கள். கசிந்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் கடிதமாகவும் மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் ஜொப் கார்டில் “பின் கண்ணாடிப் பகுதியில் நீர்க்கசிவு” என்று எழுதுவித்துப் பிரதி வாங்குங்கள். “போகப் போகச் சரியாகிடும்” என்ற பதிலை ஏற்காதீர்கள். தானாக அடைபடும் கண்ணாடி உலகில் இல்லை. அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாம். முறைப்பாட்டை எழுத்திலேயே கொடுங்கள்.

வாங்குபவரின் விழிப்பு மட்டும் போதாது. தொழிற்சாலைகள் வாகனத்தைச் செயற்கை மழையில் நனைத்துப் பார்த்தே வெளியே விடுகின்றன. ஆனால் அது கப்பலேறி, வெயிலில் கிடந்து, நம் கைக்கு வரும் வரை பட்ட பாட்டை அந்தச் சோதனை அறியாது. முகவர் நிறுவனங்கள் கையளிக்கும் நாளில், வாங்குபவர் முன்னிலையில், நீர்ச் சோதனை செய்து எழுத்தில் கொடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தள்ளி இருப்பவரை ஒரு கசிவுக்காகத் திரும்பத் திரும்ப அலைய வைப்பதை விட அது மலிவு. மூன்று மாதக் கணக்கையும் பொருள் விற்ற நாளிலிருந்து அல்லாமல், குறை தெரியவந்த நாளிலிருந்து எண்ணும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். மேல் மாகாணத்தின் மழைக்குப் பொருந்தும் ஒரு கால எல்லை, வாடையை நம்பி வாழும் கிழக்குக்கும் வடக்குக்கும் நீதியாகாது.