காம்+ பரிவர்த்தனைச் சேவை

காம்+ பரிவர்த்தனைச் சேவை என்பது பல தரவுத்தளங்களில் செய்யப்படும் மாற்றங்களை ஒரே பரிவர்த்தனையாக நடத்த உதவும் விண்டோசு இயங்குதளச் சேவை ஆகும். மைக்ரோசாப்ட் நிறுவனம் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட டிரான்சாக்சன் சர்வர் இதன் முன்னோடியாகும். விண்டோசு 2000 பதிப்பில் இது காம்+ ஆக விரிவடைந்தது. 2002இல் வெளிவந்த டாட் நெட் பணிச்சட்டத்தில் எண்டர்பிரைசு சர்வீசசு என்ற பெயரில் இச்சேவை கிடைத்தது.

தேவை

ஒரு பரிவர்த்தனையின் எல்லாப் படிகளும் நிறைவேற வேண்டும். இல்லையேல் எதுவும் நிறைவேறக் கூடாது. ஒரே தரவுத்தளம் எனில் அதுவே இதனை உறுதி செய்யும். சேமிப்புக் கணக்குகளை எசுகியூஎல் சர்வரிலும் கடன் கணக்குகளை ஆரக்கிளிலும் வைத்துள்ள வங்கி ஒன்றைக் கருதலாம். முதலாவதில் 5,000 ரூபாய் கழிக்கப்பட்டு, இரண்டாவதில் வரவு வைக்கும் முன் பிழை ஏற்பட்டால் அப்பணம் எக்கணக்கிலும் இராது. இதனைத் தடுக்க இரண்டிற்கும் பொதுவான ஒருங்கிணைப்பி தேவைப்படுகிறது.

செயற்படும் முறை

ஒருங்கிணைப்பி இருகட்ட உறுதிப்படுத்தல் முறையைப் பின்பற்றுகிறது.

1. முதற் கட்டத்தில் ஒவ்வொரு தரவுத்தளத்திடமும் அது ஆயத்தமா எனக் கேட்கிறது.
2. அனைத்தும் ஆயத்தம் எனில் இரண்டாம் கட்டத்தில் மாற்றங்களை உறுதி செய்யப் பணிக்கிறது. ஒன்று மறுத்தாலும் அனைத்தும் கைவிடப்படும்.

பயனுள்ள சூழல்கள்

* ஒரே பணி இரண்டு அல்லது மேற்பட்ட தரவுத்தளங்களை மாற்றும்போது.
* தரவுத்தள மாற்றமும் செய்திவரிசையில் செய்தி இடுவதும் சேர்ந்தே நிகழ வேண்டியபோது.
* தனித்தனியே எழுதப்பட்ட கூறுகள், தரவுத்தள இணைப்பைத் தமக்குள் கைமாற்றாமல் ஒரே பரிவர்த்தனையில் பங்கேற்க வேண்டியபோது.

தவிர்க்க வேண்டிய சூழல்கள்

ஒரே தரவுத்தளத்தை ஒரே இணைப்பின் வழி அணுகும் நிரலுக்கு அத்தரவுத்தளத்தின் சொந்தப் பரிவர்த்தனையே போதுமானது. ஒருங்கிணைப்பி கூடுதல் வலையமைப்புச் செய்திகளையும் பதிவேட்டு எழுத்துகளையும் வேண்டுவதால் வேகம் குறைகிறது. இயல்பிருப்பாக மிகக் கடுமையான தனிமைநிலையைக் கொள்வதால் பிற பயனர்கள் காத்திருக்க நேரிடும். தரவுத்தளங்கள் ஆயத்தம் எனத் தெரிவித்தபின் ஒருங்கிணைப்பி செயலிழந்தால், அவை தாமாக முடிவெடுக்க இயலாது. அது மீளும் வரை உரிய பதிவுகள் பூட்டப்பட்டே இருக்கும்.

பிற்கால வளர்ச்சி

2005இல் வெளிவந்த டாட் நெட் 2.0 பதிப்பு, சிசுடம் டிரான்சாக்சன்சு என்னும் நிரலகத்தை அறிமுகப்படுத்தியது. எசுகியூஎல் சர்வர் 2005 உடன் பயன்படுத்துகையில், இதன் பரிவர்த்தனை எளிய உள்ளகப் பரிவர்த்தனையாகத் தொடங்கும். இரண்டாவது தரவுத்தளம் சேரும்போதே ஒருங்கிணைப்பியை நாடும். டாட் நெட் கோர் பதிப்புகளில் எண்டர்பிரைசு சர்வீசசு சேர்க்கப்படவில்லை. 2022இல் வெளியான டாட் நெட் 7, பகிர்ந்த பரிவர்த்தனை வசதியை விண்டோசில் மட்டும் மீண்டும் அளித்தது.