செயினைப் பிடித்திருக்கும் கை

பழைய போர்ஷே 911 வைத்திருந்தவருக்குக் காலையில் முதல் வேலை, காதைத் தீட்டிக்கொள்வது. சாவியைத் திருப்பியதும் பின்பக்க இன்ஜினில் செயின் கடகடக்கும். ஓரிரு விநாடியில் அடங்கிவிட்டால் நிம்மதி. அடங்காவிட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டியதுதான்.

1964-இல் தயாரிப்புக்கு வந்த அந்தக் காரின் 1991 சிசி இன்ஜினில் பக்கத்துக்கு மூன்று சிலிண்டர், பக்கத்துக்கு ஒரு டைமிங் செயின். கிராங்க் ஷாஃப்டுக்குக் கீழே உள்ள இடைத்தண்டிலிருந்து கேம் ஷாஃப்டுக்கு ஓடும் இரட்டை வரிசைச் செயின் அது. தொல்லை பெரும்பாலும் செயினால் அல்ல, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரால். ஸ்பிரிங்கும் ஆயிலும் அடைத்த சின்ன உருளை. ஆயில் கசிந்தால் அமுங்கிவிடும். செயின் தொய்ந்து பல் தாவும். வால்வு போய்ப் பிஸ்டனில் மோதும். டென்ஷனர் முழுக்க அமுங்காதபடி தண்டில் ஒரு வளையத்தை மாட்டிவிடுவது மெக்கானிக்குகளின் கைவைத்தியம். நோய் தீராது, உயிர் தப்பும்.

911-இன் 1984 மாடலான 3.2 கரேராவில்தான் இன்ஜினின் ஆயில் பிரஷரையே குழாய் போட்டு டென்ஷனருக்குக் கொடுத்தார்கள். இவ்வளவு எளிய வேலைக்கு இருபது வருஷமா! முந்தைய கார்களிலும் அதைப் பொருத்தலாம். அதனால் பழைய 911 வாங்குகிறவர் இன்று பெயின்ட்டைப் பார்க்கும் முன்பே, “டென்ஷனர் மாத்தியாச்சா?” என்று கேட்கிறார்.

செயினே தேய்ந்திருந்தால் இரண்டு வழி. கிராங்க் கேஸைப் பிரித்து இணைப்பில்லாத முழுச் செயின் போடலாம். அல்லது பழையதை அறுத்து, அதன் நுனியில் புதியதைக் கட்டி உள்ளே இழுத்து, லிங்க் போட்டுச் சேர்க்கலாம். ஓவர்ஹாலுக்காகக் கேஸ் ஏற்கெனவே பிரிந்து கிடக்கும்போதும் லிங்க் செயின் போடுவது வெறும் கஞ்சத்தனம். செயின் உரசி ஓடும், காய்ந்து நொறுங்கும் பிளாஸ்டிக் சறுக்குக் கட்டைகளை அப்படியே விடுவதும் அதே ரகம். கேம் டைமிங்கைக் கண்ணளவில் விடவும் முடியாது; டயல் கேஜ் வைத்து வால்வு எவ்வளவு தூக்குகிறது என்று அளந்துதான் போல்ட்டை இறுக்க வேண்டும்.

1990-களின் கடைசியில் 911 தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கு மாறியபோது, தலைவலி இடைத்தண்டின் பேரிங்குக்கு இடம் மாறியது. 2009 மாடலில் அந்தத் தண்டையே எடுத்துவிட்டுக் கிராங்கிலிருந்து நேராகச் செயினை ஓட்டினார்கள். கேம் எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்பதை இப்போது ஸ்கேனர் சொல்கிறது.

பழைய வண்டிக்காரர் மட்டும் இன்னமும் ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறார்.